"வைஃபை கிடைக்குது, நெட் வரலை": பல்கலைக்கழக வளாகத்தில் பெயரும் முகவரியும் தகராறு செய்யும்போது

பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு வரும் போன் எதிலும் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் முறை) என்ற சொல் இருக்காது. "நெட் வரலை", "சைட் ஓப்பன் ஆகலை", "பிரிண்டர் காணோம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் இந்த வழிமுறையையும் புகார் வரும் சொற்களின்படியே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்த புகார் எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: கெட்டிருப்பது முகவரியா, பெயரா?

பாதிக்கப்பட்ட கணினியின் முன்னால் உட்காருங்கள். அதற்கு என்ன ஐபி (வலையில் அதன் எண் முகவரி) கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்; விண்டோஸில் ஐபிகான்ஃபிக், லினக்ஸில் ஐபி ஏ. அடுத்து அதன் கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரை, பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பது). அதுவும் சரி என்றால் வெளியே உள்ள ஓர் எண்ணை, உதாரணமாக 8.8.8.8 அல்லது 1.1.1.1ஐப் பிங் செய்யுங்கள். கடைசியாக என்எஸ்லுக்அப் என்ற கட்டளையைக் கொடுத்து ஒரு தளப் பெயரின் முகவரியைக் கேளுங்கள். முதல் மூன்றில் ஏதாவது தவறினால் கோளாறு முகவரிப் பக்கம். மூன்றும் சரியாக வந்து நான்காவது மட்டும் தவறினால் பெயர்ப் பக்கம். பல வளாகங்களில் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கும். ஆகவே பக்கத்தில் நன்றாக ஓடும் கணினியிலும் இதே நான்கையும் செய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், எந்த முகவரி யாரிடம் இருக்கிறது, எந்தப் பெயர் யாருக்காக உருவாக்கப்பட்டது என்பதை யாரும் எழுதி வைக்காததால் வருபவை. நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அந்தப் பட்டியல் ஒரு மூத்த ஊழியரின் நினைவில்தான் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு முழுதாக ஒரு வருடம் நாங்கள் கட்டடம் கட்டடமாக நடந்தோம். அந்தப் பேரேடு எக்ஸெல் தாளாக இருந்தாலும் சரி, நெட்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளாக இருந்தாலும் சரி, இல்லையென்றால் இன்றே ஒன்றைத் தொடங்குங்கள்.

"ஐபி 169.254-ல் ஆரம்பிக்குது, நெட் வரலை"

169.254 என்று தொடங்கும் முகவரியை யாரும் கொடுக்கவில்லை. கணினி, முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. கேள்வி போய்ச் சேரவில்லை, அல்லது சர்வரிடம் கொடுக்க முகவரி மிச்சமில்லை.

ஒரே ஒரு கணினிக்கு இப்படி என்றால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட் எந்த விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி வலை) இருக்கிறது என்பதையும் பாருங்கள். புதிதாகத் திறந்த லேப் முழுவதற்கும் இப்படி என்றால், அந்த விலானுக்கு ரிலே முகவரி போடாமல் விட்டிருப்பீர்கள். டிஎச்சிபி கேள்வி பிராட்காஸ்டாக, அதாவது அந்த வலையில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக, போவது. அது ரவுட்டரைத் தாண்டாது. தாண்டி எடுத்துச் செல்லும்படி ரவுட்டரிடம் சொல்லி வைக்க வேண்டும், அதுதான் ரிலே.

காலையில் நன்றாக இருந்து பதினொரு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வெளியே விழுகிறார்கள் என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. கருத்தரங்கக் கூடத்தில் இது அடிக்கடி நடக்கும். /24 அளவுள்ள சப்நெட்டில் (முகவரிகளின் ஒரு தொகுப்பு) 256 எண்கள், முதலும் கடைசியும் போக 254, கேட்வேக்கு ஒன்று. 400 பேர் உட்காரும் கூடத்தில் ஆளுக்கொரு போன், பாதிப் பேரிடம் லேப்டாப்பும் இருக்கும். அது எந்தக் கணக்கிலும் போதாது. அதோடு விண்டோஸ் சர்வரின் டிஎச்சிபியில் லீஸ் காலம் (ஒரு முகவரி ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நேரம்) நாம் மாற்றாதவரை 8 நாள். திங்கட்கிழமை வந்துவிட்டுப் போன விருந்தினரின் போனுக்கு அடுத்த செவ்வாய்வரை ஓர் எண் காத்திருக்கும். வைஃபைக்கு லீஸை 2 மணி நேரமாக்குங்கள், சப்நெட்டை /22 ஆக்குங்கள். 1022 முகவரிகள் கிடைக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்ட லீஸ்கள் பழைய கால அளவிலேயே ஓடும் என்பதால் மாற்றத்தை விழா அன்று காலையில் செய்து பயனில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே செய்யுங்கள்.

மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் எண்) பதிவு செய்த பிறகே வைஃபை தரும் வளாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொன்றைக் காட்டுகின்றன. போன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை மாணவர் படிவத்தில் நிரப்பித் தந்திருப்பார். அது வேலை செய்யாது. அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய் அங்கே தெரியும் மேக்கைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் மேக் பதிவையே விட்டுவிட்டு ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் முறைக்கு மாறுங்கள். யார் பயன்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு அதுதான் ஒழுங்கான பதிலைத் தரும்.

"எங்க ஃப்ளோர்ல சிலருக்கு மட்டும் வரலை, நேத்து வந்துச்சு"

இதை நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹாஸ்டல் உள்ள எந்த வளாகமும் இதிலிருந்து தப்பியதில்லை.

ஒரு மழைநாள் மாலையில் வார்டன் அழைத்தார். "சார், ரெண்டாவது மாடியில நாலு பசங்களுக்கு நெட் இல்லையாம். மத்தவங்களுக்கு வருது." போய்ப் பார்த்தபோது அந்த நால்வரின் லேப்டாப்பிலும் 192.168.0 என்று தொடங்கும் முகவரி. எங்கள் வளாகத்தில் எல்லாமே 10 என்று தொடங்குபவை. அதாவது வேறு யாரோ அங்கே முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குள் நால்வர் இருபது பேர் ஆனார்கள்.

ஏன் சிலருக்கு மட்டும்? லேப்டாப் "எனக்கு முகவரி வேண்டும்" என்று கேட்கும்போது யார் முதலில் கை நீட்டுகிறார்களோ அவர்களிடமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். நம் சர்வர் இருப்பது வேறு கட்டடத்தில். அந்த இன்னொருவர் இருப்பது அதே தளத்தில். அவர் பதில்தான் முந்தும். ஏற்கெனவே நம்மிடம் லீஸ் வைத்திருப்பவர்கள் அதை நம்மிடமே புதுப்பித்துக்கொள்வதால் அவர்களுக்குப் பாதிப்பு தெரியாது. லேப்டாப்பை மூடித் திறக்கத் திறக்க ஒவ்வொருவராக மாட்டுவார்கள்.

பாதிக்கப்பட்ட லேப்டாப்பில் கேட்வே என்ன என்று பாருங்கள், 192.168.0.1 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரவுசரில் திறந்தால் பெரும்பாலும் ஒரு வீட்டு ரவுட்டரின் லாகின் பக்கம் வரும். தயாரித்த நிறுவனமும் மாடலும் அங்கேயே தெரியும். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே போக முயல வேண்டாம். அது அடுத்தவர் பொருள். அப்புறம் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்று சொல்வது) அந்தக் கேட்வேயின் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மைய ஸ்விட்ச்சின் மேக் அட்டவணையில் அதைத் தேடினால் எந்த அப்லிங்க் (ஒரு ஸ்விட்ச்சை இன்னொன்றோடு சேர்க்கும் இணைப்பு) வழியாக வருகிறது என்று காட்டும். அந்த அப்லிங்க்கின் மறுமுனையில் உள்ள ஸ்விட்ச்சில் மறுபடி தேடுங்கள். இப்படியே இறங்கினால் கடைசியில் ஒரு தனிப் போர்ட்டில் வந்து நிற்கும். எங்களுக்கு அது இரண்டாவது மாடி ஸ்விட்ச்சின் 17ஆம் போர்ட். 17 எந்த அறை என்பது பேரேட்டில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டினோம்.

அந்தப் பையன் ஊரிலிருந்து ரவுட்டர் கொண்டு வந்திருந்தான். சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் (வெளி இணைப்புக்கானது) செருகியிருந்தால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. பக்கத்தில் இருந்த லான் போர்ட்டில் (உள்ளே உள்ள கணினிகளுக்கானது) செருகியிருந்தான். செருகிய கணத்திலிருந்து அந்த ரவுட்டர் மாடி முழுவதற்கும் முகவரி வழங்கத் தொடங்கியது. "சார், என் கட்டிலுக்கு சிக்னலே வராது, அதான்" என்றான். உண்மைதான். அந்தத் தாழ்வாரத்தின் கோடியில் எங்கள் ஆக்சஸ் பாயிண்ட்டின் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. ரவுட்டரைக் கழற்றியதோடு நிறுத்தாமல் அடுத்த மாதம் அங்கே ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்தோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் புகார் வரவில்லை.

நிரந்தரத் தீர்வு ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்குவது. நம்பகமான போர்ட் என்று நாம் குறித்த போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதிலை மட்டுமே ஸ்விட்ச் அனுமதிக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வரை நோக்கிப் போகும் அப்லிங்க்கை முதலில் நம்பகமானது என்று குறித்துவிட்டு, அதன் பிறகே ஸ்னூப்பிங்கை இயக்க வேண்டும். முதல்முறை நான் வரிசையை மாற்றிச் செய்ததில் ஒரு கட்டடம் முழுவதும் காலை வகுப்பில் முகவரி இல்லாமல் நின்றது. ஒரு ஸ்விட்ச்சில் செய்து, புதிதாக ஒரு லேப்டாப்பை இணைத்துச் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

"பிரிண்டர் காலையில வேலை செஞ்சுது, மத்தியானம் செய்யலை"

ஒரே முகவரியில் இரண்டு சாதனங்கள். பிரிண்டருக்கு யாரோ கையால் ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள். அந்த எண் டிஎச்சிபி வழங்கும் எண்களுக்குள்ளேயே இருக்கும். புதிதாக வந்த லேப்டாப்புக்கு அதே எண் போய்விடும். பிரிண்டரை அணைத்துவிட்டு அதே எண்ணைப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் சந்தேகமே வேண்டாம். பிரிண்டரில் கையால் போட்டதை எடுத்துவிட்டு, அதன் மேக்குக்கு டிஎச்சிபி சர்வரிலேயே அந்த எண்ணை ஒதுக்கி வையுங்கள். "பிங் செய்தேன், பதில் இல்லை, அதனால் காலி" என்று எந்த எண்ணையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணுக்கு உரிய கணினி அன்று அணைந்திருக்கலாம். காலியா இல்லையா என்பதைப் பேரேட்டில் பாருங்கள்.

"எல்லாத்துக்கும் வருது, லைப்ரரி சர்வர் மட்டும் இந்த ஒரு மெஷின்ல வரலை"

அந்த ஒரு மெஷினில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) நிறுவியிருக்கிறார்களா என்று கேளுங்கள். டாக்கர் தன் உள்வலைக்கு 172.17.0.0/16 என்ற வரம்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் நூலகமும் 172.17-ல் இருந்தால் அந்தக் கணினி பாக்கெட்டுகளை வெளியே அனுப்பாமல் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஆராய்ச்சி மாணவர்களின் கணினிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். டாக்கரின் அமைப்புக் கோப்பில் வேறு வரம்பைக் கொடுத்தால் தீர்ந்தது. புதிதாக வளாக முகவரிகளைத் திட்டமிடுபவர்கள் 172.17ஐத் தொடாமல் விடுவதே நல்லது.

"பிங் போகுது, சைட் ஓப்பன் ஆகலை"

இது பெயர்ப் பக்கம். என்எஸ்லுக்அப் அல்லது டிக் (அதே வேலைக்கான இன்னொரு கட்டளை) கொடுத்து என்ன பதில் வருகிறது என்று எழுத்துக்கு எழுத்து படியுங்கள். "வரலை" என்பதிலேயே நான்கு வகை உண்டு, நான்குக்கும் வைத்தியம் வேறு.

பதிலே வராமல் டைம்அவுட் என்றால் டிஎன்எஸ் சர்வர் நின்றுவிட்டது, அல்லது நடுவில் ஃபயர்வால், டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53ஆம் போர்ட் எண்ணை மறிக்கிறது. தகவல் போகும் யுடிபி, டிசிபி என்ற இரண்டு முறைகளில் 53ஐ யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபிக்கு மூடி வைத்திருப்பார்கள். பெரிய பதில்கள் டிசிபியில்தான் வர வேண்டியிருக்கும் என்பதால் சில பெயர்கள் மட்டும் திறக்காமல் போகும். இரண்டையும் திறந்து வையுங்கள்.

ரெஃப்யூஸ்டு என்று வந்தால் சர்வர் நன்றாக இருக்கிறது, கேட்பவரைத்தான் அதற்குத் தெரியவில்லை. புதிய சப்நெட் ஒன்றைத் தொடங்கிவிட்டு, கேள்வி கேட்க அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் அதைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

என்எக்ஸ்டொமைன் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று அர்த்தம். எழுத்துப் பிழையைப் பாருங்கள், பிறகு உங்கள் பெயர்களும் முகவரிகளும் எழுதியிருக்கும் ஜோன் ஃபைலைப் பாருங்கள்.

சர்வரால் விடை தர முடியவில்லை என்று சொல்லும் சர்வ்ஃபெயில்தான் பலரைத் திண்டாட வைப்பது. டிக் கட்டளையோடு சிடி என்ற தேர்வைச் சேர்த்து மறுபடி கேளுங்கள். அது டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பை விட்டுவிட்டுக் கேட்பது. இப்போது பதில் வந்தால் கோளாறு டிஎன்எஸ்செக்கில், அதாவது அந்தக் கையெழுத்துமுறையில். கையெழுத்தின் காலம் முடிந்திருக்கும், அல்லது உங்கள் சர்வரின் கடிகாரம் பிசகியிருக்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பழைய சர்வர் எழுந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும் சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்துபோய் தேதி பல வருடம் பின்னால் நிற்கும். எல்லாக் கையெழுத்தும் செல்லாது என்று சொல்லிவிடும். தேதியை முதலில் பாருங்கள்.

"கேம்பஸ்ல வருது, வீட்ல வரலை"

வளாகத்துக்குள் கேட்டால் ஒரு பதிலும் வெளியே கேட்டால் வேறு பதிலும் தரும்படி பல பல்கலைக்கழகங்கள் டிஎன்எஸ்ஸை அமைத்திருக்கும். உள்ளே 10 என்று தொடங்கும் முகவரி, வெளியே பொது முகவரி. புதிய சர்வரின் பெயரை உள்பக்க ஜோனில் மட்டும் சேர்த்துவிட்டு வெளிப்பக்கத்தில் சேர்க்காமல் விட்டால் இந்தப் புகார் வரும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்ப்பதுதான் சுலபமான சோதனை.

இதன் தலைகீழும் உண்டு. வீட்டில் வருகிறது, வளாகத்தில் ஒருவருக்கு மட்டும் வரவில்லை. அவர் லேப்டாப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்று கையால் போட்டிருப்பார், அல்லது அவருடைய பிரவுசர் டிஎன்எஸ் கேள்விகளை நம் சர்வரிடம் கேட்காமல் எச்டிடிபிஎஸ் வழியாக நேரே வெளியே கேட்கும். வெளியில் இருப்பவருக்கு நம் உள்பெயர்கள் எப்படித் தெரியும்? என்எஸ்லுக்அப்பில் சரியான பதில் வந்து பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்றால் பிரவுசரின் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்.

"மாத்தியாச்சு, ஆனா பழைய சர்வருக்கே போகுது"

ஒவ்வொரு டிஎன்எஸ் பதிவோடும் டிடிஎல் என்று ஒரு நேரம் விநாடியில் எழுதியிருக்கும். 86400 என்றால் ஒரு நாள். நீங்கள் பதிவை மாற்றினாலும், பழைய பதிலை வாங்கி வைத்திருக்கும் சர்வர்கள் அந்த நேரம் முடியும்வரை அதையே சொல்லும். அவற்றை நாம் வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. சர்வரை மாற்றும் நாள் தெரிந்ததும், குறைந்தது இரண்டு நாளுக்கு முன்னால் டிடிஎல்லை 300 ஆக்குங்கள். மாற்றி முடிந்து எல்லாம் ஓடிய பிறகு பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். அட்மிஷன், தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் எந்தப் பெயரையும் நகர்த்தாதீர்கள்.

புதிய பெயருக்கும் இதே கதை உண்டு. பெயரை உருவாக்கும் முன்பே "வந்துவிட்டதா பார்ப்போம்" என்று யாராவது திறந்து பார்த்திருந்தால், "அப்படி ஒன்று இல்லை" என்ற பதிலும் கேஷில் (சர்வர் நினைவில் வைத்திருக்கும் பதில்கள்) உட்கார்ந்துவிடும். எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதை ஜோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ பதிவின் கடைசி எண் தீர்மானிக்கும். துறைத் தலைவர் தன் அறையில் உட்கார்ந்து புதுப் பெயரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறார் என்றால், அந்த அறையில்தான் அது கடைசியாக வரும். வளாக சர்வரின் கேஷில் அந்த ஒரு பெயரை மட்டும் நீக்கிக் கொடுங்கள்.

கேட்கும் ஒவ்வொரு முறையும் பழையதும் புதியதும் மாறி மாறி வருகிறது என்றால் முதன்மை சர்வரும் துணை சர்வரும் ஒத்துப்போகவில்லை. இரண்டிலும் எஸ்ஓஏ சீரியல் எண்ணை (ஜோனின் பதிப்பு எண்) கேட்டு ஒப்பிடுங்கள். ஜோன் ஃபைலை மாற்றியவர் சீரியலைக் கூட்ட மறந்திருந்தால் துணை சர்வர் புதியதை எடுத்துக்கொள்ளாது. இது சுலபம், ஒன்றைக் கூட்டினால் போதும்.

சுலபமல்லாத ஒன்றை ஒருமுறை பார்த்தேன். சீரியலைத் தேதியாக எழுதுவது வழக்கம்: 2025 ஜூன் 12இல் முதல் மாற்றம் என்றால் 2025061201. அவசரத்தில் 2052061201 என்று அடித்துவிட்டார்கள். துணை சர்வர் அதை ஏற்றுக்கொண்டது. மறுநாள் சரியான எண்ணை எழுதியதும் "இது என்னிடம் இருப்பதைவிடச் சிறியது" என்று ஒதுக்கிவிட்டது. 2052 வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீரியல் 32 பிட் வட்டத்தில் ஓடும் எண், உச்சத்தைத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தவறான எண்ணோடு 2147483647ஐக் கூட்டினால் 4199544848. அதை சீரியலாக எழுதி, எல்லாத் துணை சர்வர்களும் எடுத்துக்கொள்ளும்வரை காத்திருங்கள். அதன் பிறகு 2025061301 என்று சரியான எண்ணை எழுதினால், வட்டக் கணக்கில் அது பெரியதாகிவிடும், ஏற்றுக்கொள்ளும்.

ஜோன் ஃபைலை உற்றுப் பார்க்கும்போது முற்றுப்புள்ளிகளையும் எண்ணுங்கள். மெயில்.வளாகம்.ஏசி.இன் என்று முழுப் பெயரை எழுதிவிட்டு கடைசியில் புள்ளி வைக்காவிட்டால், சர்வர் அதைப் பாதிப் பெயராக எடுத்துக்கொண்டு மெயில்.வளாகம்.ஏசி.இன்.வளாகம்.ஏசி.இன் என்று நீட்டிவிடும். மின்னஞ்சல் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரியில் இது நடந்தால் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டிய மின்னஞ்சல் முழுவதும் இல்லாத ஊருக்குப் போகும். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், ரீலோட் செய்வதற்கு முன் அதனோடு வரும் ஜோன் சரிபார்க்கும் கருவியை ஓடவிட்டு, வெளியீட்டில் பெயர்கள் இப்படி நீண்டிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

"யூனிவர்சிட்டி சைட், மெயில் எதுவுமே வெளியிலிருந்து வரலை"

முதலில் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, டொமைன் காலாவதி ஆகிவிட்டதா என்று ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் சேவை) பாருங்கள். இந்தியாவில் ஏசி.இன், எட்யு.இன், ரெஸ்.இன் பெயர்களைப் பதிந்து தருவது எர்நெட் இந்தியா. புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது ஓய்வு பெற்றவரின் முகவரியாக இருந்தால் அறிவிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். அதே டொமைனில் உள்ள முகவரியை மட்டும் கொடுத்திருந்தால், டொமைன் படுத்த பிறகு வரும் கடிதங்கள் உங்களை வந்து சேரவே வழியில்லை. தனிநபர் பெயர் இல்லாமல் பதவியின் பெயரில் ஒரு முகவரி, வெளி டொமைனில் ஒரு முகவரி, இரண்டையும் பதிவில் வையுங்கள். பணம் கட்டும் கோப்பு நிதி அலுவலரின் மேசையைத் தாண்ட எத்தனை வாரம் ஆகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் குறிப்பு அனுப்புங்கள்.

காலாவதி ஆகவில்லை என்றால், உங்கள் டொமைனுக்குப் பதில் சொல்லும் நேம் சர்வர்களைப் பாருங்கள். இரண்டு இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். இரண்டும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் அது ஒன்றுதான். ஒன்றையாவது வேறு ஊரில், வேறு இணைப்பில் வைக்க வேண்டும் என்று 1997இலேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய வழிகாட்டி ஆவணம் அறிவுறுத்தியிருக்கிறது. நட்பான இன்னொரு கல்வி நிறுவனத்தோடு பேசி, அவர்களுக்கு நீங்களும் உங்களுக்கு அவர்களும் துணை சர்வர் நடத்திக்கொள்ளலாம். இணைப்பை மாற்றும்போது நேம் சர்வரின் ஐபி மாறியிருந்தால், ஜோன் ஃபைலில் மட்டும் மாற்றினால் போதாது. டொமைனைப் பதிந்து தந்தவரிடம் உள்ள குளூ பதிவையும் (நேம் சர்வரின் ஐபியைச் சொல்வது) மாற்ற வேண்டும். இதை மறந்தால் பழைய டிடிஎல்கள் தீரும்வரை எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்து, பிறகு மொத்தமாக நிற்கும்.

"நாங்க அனுப்புற மெயில் ஸ்பாம்ல போகுது"

அனுப்பும் சர்வரின் ஐபிக்கு பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) இருக்கிறதா, அது சொல்லும் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வருகிறதா என்று பாருங்கள். ஐபி முகவரிகள், இந்தியாவில் அவற்றை வழங்கும் ஐஆர்ஐஎன்என் மூலம் உங்கள் பெயரிலேயே பெற்றவை என்றால் தலைகீழ் ஜோனை அங்கே உங்கள் நேம் சர்வர்களுக்கு ஒப்படைக்கச் சொல்லுங்கள். இணைப்பு தருபவருடையது என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்தது எஸ்பிஎஃப், உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு. ஒரு டொமைனுக்கு ஒரு வரிதான் இருக்க வேண்டும்; புதிய சேவை வாங்கியவர் இரண்டாவது வரி சேர்த்திருந்தால் இரண்டும் செல்லாது. அந்த ஒரு வரிக்குள்ளும் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல் கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) இரண்டும் கட்டாயம். எல்லா மாணவருக்கும் சுற்றறிக்கை அனுப்பும் பல்கலைக்கழகம் அந்த எண்ணிக்கையைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

"கான்ஃபரன்ஸ் பக்கத்துல சூதாட்ட விளம்பரம் வருது"

மூன்று வருடத்துக்கு முன் ஒரு துறை மாநாடு நடத்தியிருக்கும். அதற்காகத் தனிப் பெயர் கேட்டு, சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) மூலம் வெளியே ஒரு கிளவுட் சேவைக்குத் திருப்பியிருப்பீர்கள். மாநாடு முடிந்ததும் கிளவுட் கணக்கை மூடிவிட்டார்கள், டிஎன்எஸ் பதிவு அப்படியே கிடக்கிறது. காலியான அந்த இடத்தை வேறு யாரோ பதிந்துகொண்டு, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் கடை விரித்துவிட்டார்கள். பெயர் எங்கே காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். வெளியே காட்டினால் இதுதான். பதிவை நீக்கினால் நின்றுவிடும். உங்கள் சொந்த சர்வரையே காட்டினால் அந்த சர்வருக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். அதை உடனே வலையிலிருந்து பிரித்துவிட்டு அந்த விசாரணையைத் தனியாகத் தொடங்குங்கள்.

இனிமேல் தற்காலிகப் பெயர் எதைக் கொடுத்தாலும், கேட்டவர் யார், எந்தத் தேதியோடு முடிகிறது என்று பேரேட்டில் எழுதிவிட்டுக் கொடுங்கள். மூடும்போது டிஎன்எஸ் பதிவை முதலில் நீக்குங்கள், கிளவுட்டை அப்புறம் மூடுங்கள். செமஸ்டருக்கு ஒருமுறை, வெளியே காட்டும் எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

யாருடையது என்று தெரியாத முகவரி

இதற்குப் புகார் வராது, நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பேரேட்டில் இல்லாத ஓர் எண் பிங்குக்குப் பதில் சொல்லும். அதன் மேக்கைப் பிடித்து, முன்பு சொன்னபடி ஸ்விட்ச் ஸ்விட்ச்சாக இறங்கிப் போர்ட்டைக் கண்டுபிடியுங்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் போர்ட்டை மூடிப் பார்க்கலாம். ஆனால் அதை வெள்ளிக்கிழமை மாலையில் செய்யாதீர்கள். எல்லாரும் இருக்கும் செவ்வாய், புதன் காலையில் செய்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

நாங்கள் அப்படி மூடிய ஒரு போர்ட்டுக்கு இருபது நிமிடத்தில் போன் வந்தது. தாவரவியல் துறையின் லேப் உதவியாளர். "சார், வெதர் ஸ்டேஷன் ரீடிங் நின்னுடுச்சு." போர்ட்டைத் திறந்துவிட்டு நேரில் போனேன். பீரோவுக்குப் பின்னால் தூசி படிந்த ஒரு சிபியு. மொட்டை மாடியில் உள்ள வெப்பமானியின் அளவுகளை ஒவ்வொரு மணிக்கும் வாங்கி எழுதிக்கொண்டிருந்தது. அதை வைத்த ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிப் போய்விட்டார். லேப் உதவியாளர் தினமும் காலையில் அதைத் துடைத்து, ஒரு நோட்டில் அளவுகளைக் குறித்து வந்திருக்கிறார். அங்கேயே பீரோமேல் லேப்டாப்பை வைத்து வரியைச் சேர்த்தேன்: முகவரி, மேக், கட்டடம், அறை, ஸ்விட்ச், போர்ட், என்ன வேலை செய்கிறது, பொறுப்பு என்ற இடத்தில் அவர் பெயர். சிபியுவின்மேல் முகவரியை எழுதி ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினோம்.